ஐந்து பகுதிகள் முடிந்தும் பிடிபடாத ‘தி வயர்’: தொடர்வதா, விடுவதா?

பொங்கோல் வாசகி

என் தம்பி இரண்டு ஆண்டுகளாகப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த ‘தி வயர்’ தொடரை மூன்று வாரங்களுக்கு முன்பு ஒருவழியாகத் தொடங்கினேன். 2002இல் ஒளிபரப்பாகத் தொடங்கி 2008இல் முடிந்த தொடர் அது. ஐந்து பருவங்கள், மொத்தம் 60 பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் போதைப்பொருள் விற்கும் ஒரு கும்பலையும் அதைப் பிடிக்க முயலும் ஒரு காவல் பிரிவையும் பற்றியது என்பதைத் தவிர, ஐந்து பகுதிகள் பார்த்த பிறகும் என்னால் கதையை யாருக்கும் எடுத்துச்சொல்ல முடியவில்லை. காவலர்கள் பாதி நேரம் தட்டச்சு செய்கிறார்கள், மீதி நேரம் மேலதிகாரிகளைத் திட்டுகிறார்கள். துரத்தல் இல்லை, பின்னணி இசைகூட இல்லை. யாருடைய பெயரும் மனத்தில் நிற்கவில்லை. என் கணவர் முதல் பகுதியின் நடுவிலேயே சோபாவில் உறங்கிவிட்டார். அதன் பிறகு அவரை நான் எழுப்பவும் இல்லை.

நான்காம் பருவம்தான் உச்சம் என்கிறான் தம்பி. அதற்கு முன்னால் 37 பகுதிகள் இருக்கின்றன. ஒரு நல்ல இடத்தை அடைய 37 மணி நேரம் காத்திருக்கச் சொல்வது நியாயமா, மெதுவாகத் தொடங்கும் தொடருக்கு எவ்வளவு அவகாசம் தருவது முறை என்பதுதான் என் கேள்வி. கதையை உடைத்துவிடாமல் பதில் சொல்லுங்கள்.

மூலைமேசை

தம்பி சொன்னதை முதலில் ஒதுக்கிவிடுங்கள். “பிறகு நன்றாக இருக்கும்” என்பதைப் போல ஒரு தொடருக்குக் கெடுதல் செய்யும் பரிந்துரை வேறில்லை. அதைக் கேட்டவர் இப்போது திரையில் நடப்பதைப் பார்ப்பதில்லை; இனி வரப்போவதை எதிர்பார்த்துக் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

நான் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த முதல் வாரத்தில், அங் மோ கியோவில் ஒரு கோப்பிக் கடை வரிசையில் நின்றது நினைவுக்கு வருகிறது. முன்னால் நின்ற பாட்டி “கோப்பி ஓ கொசோங்” என்றார், அடுத்தவர் “தே சி சியூ தாய்” என்றார், கடைக்காரர் ஒன்றையும் எழுதிக்கொள்ளவில்லை. யாரும் எனக்கு விளக்கவும் இல்லை. பத்து நாள் அதே வரிசையில் நின்றதில், ‘தே’ என்றால் தேநீர், ‘ஓ’ என்றால் பால் இல்லை, ‘சி’ என்றால் ஆவிப்பால், ‘கொசோங்’ என்றால் சர்க்கரை இல்லை, ‘சியூ தாய்’ என்றால் சர்க்கரை குறைவு என்று காது தானாகப் பிரித்துக்கொண்டது. பதினொன்றாவது நாள் நானும் ஓர் ஆளாகிவிட்டேன். இந்தத் தொடரும் அந்தக் கடைக்காரரைப் போன்றதுதான். புதிதாக வந்தவருக்காக ஒருவரும் தம் பேச்சை நிறுத்தி விளக்குவதில்லை. அந்தத் தெருப்பேச்சு அமெரிக்கர்களுக்கே முதலில் காதில் ஏறாது; ஆகவே ஆங்கில வசன வரிகளைப் போட்டுக்கொண்டு பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நீங்கள் பார்த்துவிட்ட பகுதிகளிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். அதனால் எதுவும் உடையாது. முதல் பகுதியின் முதல் காட்சியில், தெருவில் ஓர் இளைஞன் இறந்து கிடக்கிறான். வாரந்தோறும் பகடை ஆட்டத்தில் கூடியிருக்கும் பணத்தை அள்ளிக்கொண்டு ஓடுவது அவனுடைய வழக்கம். பிடித்து அடிப்பது மற்றவர்களின் வழக்கம். பிறகு ஏன் அவனை ஆட விட்டீர்கள் என்று துப்பறிவாளர் கேட்கிறார். இது அமெரிக்கா, விடாமல் எப்படி என்பதுபோல் பதில் வருகிறது. அந்தக் கொலை அதன்பின் கதைக்குத் தேவைப்படவே இல்லை. ஆனால் தோற்பது உறுதி என்று தெரிந்தும் எல்லாரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் ஒரு நகரத்தைப் பற்றித்தான் 60 பகுதிகளும் பேசப்போகின்றன என்பதை இரண்டரை நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்கள். அந்த விதத்தில் இது மெதுவான தொடக்கம் இல்லை. நமக்குப் பழகாத இடத்தில் வேகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு சோதனை சொல்கிறேன். மூன்றாம் பகுதியில் சதுரங்கக் காய்களை வைத்துக்கொண்டு வேறு ஆட்டம் ஆடும் இரண்டு பையன்களுக்கு, கும்பலைச் சேர்ந்த டி’ஏஞ்சலோ சதுரங்கம் கற்றுக்கொடுப்பார். ராஜா எப்போதும் ராஜாவாகவே இருக்கிறார், சிப்பாய்கள் முதலில் சாகிறார்கள் என்பார். நான்காம் பகுதியில் இரண்டு துப்பறிவாளர்கள் ஒரு பழைய கொலை நடந்த சமையலறையில், ஒரே ஒரு வசைச்சொல்லை மட்டும் விதவிதமாக உச்சரித்தபடியே கொலை நடந்த விதத்தைக் கண்டுபிடிப்பார்கள். இந்த இரண்டு காட்சிகளும் உங்களுக்கு நினைவிருக்கின்றனவா? இருந்தால் தொடருங்கள். இல்லையென்றால் ஆறாவது பகுதியும் உதவாது.

இரவுப்பணித் தாதி

நான் மாறுபடுகிறேன். மருத்துவமனையில் பன்னிரண்டு மணி நேரப் பணி முடித்து வந்து, காலை ஒன்பது மணிக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஒரு பகுதி பார்ப்பவள் நான். எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் எழுத்தாளர் எனக்கு ஏதாவது தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது சோம்பேறித்தனம் ஆகாது.

2022இல் வந்த ‘சுழல்’ என்ற தமிழ்த் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியிலேயே சிமெண்ட் ஆலை தீப்பற்றுகிறது, அதே இரவில் ஒரு பெண் காணாமற்போகிறாள், ஊரில் மயானக்கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது. எட்டே பகுதிகள். ஊரும் தெரிகிறது, மனிதர்களும் தெரிகிறார்கள், கேள்வியும் பிறந்துவிடுகிறது. ஆழமாக எழுதுவதற்கும் ஆரம்பத்திலேயே பிடித்து உட்கார வைப்பதற்கும் பகை இருக்கிறது என்று யார் சொன்னது? விருந்தாளியை வாசலில் நிற்க வைத்துவிட்டு, உள்ளே வாழையிலை போட்டிருக்கிறோம் என்று சொல்வது விருந்தோம்பல் இல்லை.

‘தி வயர்’ தொடரை நான் நான்கு பகுதிகளோடு விட்டேன். அந்தச் சமையலறைக் காட்சி எனக்கு நினைவிருக்கிறது, மூலைமேசையாரே. சிரித்தேன். ஆனாலும் விட்டுவிட்டேன்.

கணக்கர்

தொடரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கேள்வியில் ஒளிந்திருக்கும் ஒரு பொறியை மட்டும் காட்டிவிட்டுப் போகிறேன். “ஐந்து பகுதிகள் பார்த்தாயிற்று” என்பதை ஒரு காரணமாகவே எண்ணக் கூடாது. அந்த ஐந்து மணி நேரம் போனது போனதுதான். தொடர்ந்தாலும் திரும்பாது, விட்டாலும் திரும்பாது. பொருளியலில் இதை மூழ்கிய செலவு என்பார்கள்.

1985இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு நேராகப் பொருந்தும். ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவம் முழுமைக்குமான நுழைவுச்சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையான 15 டாலருக்கும், சிலருக்கு 13 டாலருக்கும், சிலருக்கு 8 டாலருக்கும் விற்றார்கள். யாருக்கு எந்த விலை என்பது முன்கூட்டியே குருட்டாம்போக்கில் தீர்மானிக்கப்பட்டிருந்தது. நாடகங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனாலும் பருவத்தின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்கள்தாம் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். கொடுத்த காசு அவர்களை இழுத்துவந்து உட்கார வைத்தது. இரண்டாம் பாதியில் அந்த வேறுபாடு கரைந்துவிட்டது என்பதும் கவனிக்க வேண்டியது.

ஆகவே வாசகி அவர்கள் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: ஒரு பகுதியும் பார்க்காதவராக இன்று இருந்து, ஆறாவது பகுதியைப் பற்றி இப்போது தெரிந்திருக்கும் அளவுக்குத் தெரிந்திருந்தால், அதற்கு ஒரு மணி நேரம் தருவீர்களா? தருவேன் என்றால் பாருங்கள்.

மூலைமேசை

கணக்கரே, உங்கள் வாதம் சரி, ஆனால் பாதிதான். அந்த ஐந்து மணி நேரம் வெறும் செலவு என்றால் மூழ்கியது எனலாம். கோப்பிக் கடை வரிசையில் நின்ற பத்து நாள்களை நான் மூழ்கிய செலவு என்பேனா? அதில் ஒரு மொழி கையில் வந்தது. பதினொன்றாவது நாள் எனக்கு எளிதானதற்கு அதுவே காரணம். ஐந்து பகுதி பார்த்தவருக்கு ஆறாவது பகுதி தரும் பயனும், ஒன்றும் பார்க்காதவருக்கு அது தரும் பயனும் ஒன்றாகா.

அம்மாவின் ரிமோட்

எங்கள் வீட்டில் ‘கோலங்கள்’ 2003இல் தொடங்கி 2009இல் முடிந்தது. ஆயிரத்தைந்நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகள். ஒன்றுக்கு இருபது நிமிடம் என்று குறைத்துப் போட்டாலும் 500 மணி நேரம். அம்மா அதில் ஒருநாள்கூட “மெதுவாகப் போகிறது” என்று குறைப்பட்டதில்லை. 60 மணி நேரத் தொடரைப் பார்த்து நாம் இவ்வளவு மலைப்பது அவருக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஆனால் அம்மா அதைப் பார்த்தார் என்று சொல்வதைவிடக் கேட்டார் என்று சொல்வதே சரி. வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பார். ஓர் இழுபறிக் காட்சிக்கு இடையில் போய்ச் சாம்பாரைத் தாளித்துவிட்டு வந்தாலும் கதை அங்கேயே நின்றுகொண்டிருக்கும். ஒரே செய்தியை மூன்று பேர் மூன்று முறை சொல்வார்கள், ஏனென்றால் வீட்டு வேலைக்கு நடுவில் பார்ப்பவரை நம்பித்தான் அந்தத் தொடர்கள் எடுக்கப்பட்டன. நாள்தோறும் ஒரு பகுதி வந்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் கதையை நீட்டுவது ஒருவகை மெதுவு. எதையும் இரண்டாம் முறை சொல்ல மாட்டேன் என்பது இன்னொரு வகை மெதுவு. முதல் வகையில் கண்ணை எடுத்தாலும் நட்டமில்லை. இரண்டாவதில் கண்ணை எடுத்தால் போயிற்று. வாசகி அக்கா, நீங்கள் எங்கே, எப்படிப் பார்க்கிறீர்கள்?

பொங்கோல் வாசகி

இந்தக் கேள்வியை யாராவது கேட்டுவிடுவார்கள் என்று பயந்துகொண்டுதான் இருந்தேன். முதல் பகுதியைத் தவிர மற்ற நான்கையும் ரயிலில், கைப்பேசியில் பார்த்தேன். காலையில் பொங்கோலிலிருந்து ஹார்பர்ஃபிரண்ட் போகும்போது பாதி, மாலையில் திரும்பும்போது மீதி. டோபி காட் நிலையத்தில் கூட்டம் ஏறும்போது கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடிக்க முடியாது. சில காட்சிகளைக் காதால் மட்டும் கேட்டிருக்கிறேன். சதுரங்கக் காட்சி நினைவிருக்கிறது. சமையலறைக் காட்சி நினைவில் இல்லை. லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கிப் பூ வாங்கிய நாளாக இருக்கலாம்.

மூலைமேசை

அப்படியானால் நீங்கள் ஐந்து பகுதிகள் பார்க்கவில்லை. ஒன்றரைப் பகுதி பார்த்திருக்கிறீர்கள்.

கரும்பலகை

இருபத்தாறு ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவள். நான்காம் பருவம் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். அது எல்லா விளம்பரங்களிலும் உள்ளதுதான். தொடரை உருவாக்கிய டேவிட் சைமன், ‘பால்ட்டிமோர் சன்’ நாளிதழின் செய்தியாளராக இருந்தவர். அவருடன் சேர்ந்து எழுதிய எட் பர்ன்ஸ், அதே நகரத்தில் கொலைவழக்குத் துப்பறிவாளராக இருந்து, பிறகு அரசுப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றியவர். அந்த வகுப்பறைகளைப் பார்த்தபோது, வகுப்பில் நின்று தொண்டை வற்றிய ஒருவர்தாம் இதை எழுதியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. பிறகுதான் அவரைப் பற்றிப் படித்தேன். படிப்பில் அக்கறை இல்லாத பையன்களுக்குப் பகடையை வைத்து நிகழ்தகவு சொல்லிக்கொடுக்கும் ஒரு காட்சி வரும். முதல் பருவத்தின் முதல் காட்சியில் வந்த பகடை எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. நான்காம் பருவத்திலிருந்து நேராகத் தொடங்கியிருந்தால் அந்தப் பகடை எனக்கு வெறும் பகடைதான்.

இவ்வளவும் செய்த தொடருக்கு எம்மி விருது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒளிபரப்பான காலத்தில் உங்களைப் போலத்தான் பலரும் ரயிலில் நின்றுகொண்டு பார்த்தார்கள் போலிருக்கிறது.

இரவுப்பணித் தாதி

டீச்சர் சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், இந்த இழையில் தொடரைப் புகழ்பவர்கள் எல்லாரும் முடித்தவர்கள். பாதியில் விட்டவர்கள் இத்தகைய இழைகளுக்கு வருவதே இல்லை. அறுபது மணி நேரம் கொடுத்த ஒருவர், அது வீணாகிவிட்டது என்று தமக்குத் தாமே ஒப்புக்கொள்வது எவ்வளவு கடினம் என்று கணக்கரே சொல்லட்டும்.

கணக்கர்

ஒப்புக்கொள்கிறேன். 15 டாலர் கொடுத்தவர்களின் கைதட்டலைக் கொஞ்சம் கழித்துத்தான் கேட்க வேண்டும்.

கப்பல்துறையார் மகன்

நான் தொடரை முடிக்காதவன். இரண்டாம் பருவத்தில்தான் இருக்கிறேன். ஆகவே தாதி அவர்களின் ஐயத்துக்கு ஆளாகாமல் ஒன்றைச் சொல்ல முடியும் என்று நம்புகிறேன். இரண்டாம் பருவத்தின் களம் எது என்பது இதில் வரும். அதுகூட வேண்டாம் என்பவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிச் செல்லவும்.

முதல் பருவத்தை நான் தனியாகத்தான் பார்த்தேன். அப்பா அறைக்குள் நுழைவார், ஒரு வசவு காதில் விழும், வெளியேறிவிடுவார். இரண்டாம் பருவம் பலரைக் கோபப்படுத்திய பருவம் என்று கேள்விப்பட்டிருந்தேன், ஏனென்றால் பதின்மூன்று மணி நேரம் செலவழித்துப் பழகிய மனிதர்களை ஓரமாக நிறுத்திவிட்டு, கதை பால்ட்டிமோர் துறைமுகத்துக்குப் போய்விடுகிறது. அதாவது மெதுவான தொடக்கம் ஒன்றைத் தாண்டி வந்தவனுக்கு, மீண்டும் ஒரு மெதுவான தொடக்கம். எனக்கும் எரிச்சல்தான். முதல் பகுதி ஓடிக்கொண்டிருந்தபோது அப்பா தண்ணீர் எடுக்க வந்தார். திரையில் பாரந்தூக்கிகளும் கொள்கலன்களும் தெரிந்தன. குவளையோடு நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

அப்பா 1974இல் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். தாத்தாவும் அங்கேதான், கொக்கியால் அரிசி மூட்டையும் ரப்பர் பொதியும் இழுத்தவர். 1972 ஜூன் 23 அன்று, 300 கொள்கலன்களோடு ராட்டர்டாமிலிருந்து வந்த ‘நிஹான்’ கப்பல் தஞ்சோங் பகாரை அடைந்தது. சிங்கப்பூருக்கு வந்த முதல் கொள்கலன் கப்பல் அதுதான். அதைப் பார்த்துவிட்டு வந்த தாத்தா அன்று இரவு சாப்பாட்டில் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று பாட்டி சொல்வார். ஒரு கூட்டம் பல நாள் இறக்கிய சரக்கை, பெட்டியோடு தூக்கிச் சில மணி நேரத்தில் இறக்குவதைப் பார்த்த மனிதருக்குப் பேச என்ன இருக்கும்?

இரண்டாம் பருவத்தில் ஃபிராங்க் சொபாட்கா என்ற தொழிற்சங்கத் தலைவர், கால்வாயை ஆழப்படுத்த வேண்டும், மூடிய தானியத் துறையைத் திறக்க வேண்டும், கப்பல்கள் வந்தால் ஆள்களுக்கு வேலை வரும் என்று அலைகிறார். ஒரு காட்சியில் அவருக்கு ஒரு காணொளி போட்டுக் காட்டுகிறார்கள்: ஆளில்லாமல் இயந்திரங்கள் மட்டும் வேலை செய்யும் துறைமுகம். எந்த ஊர் என்று நினைக்கிறீர்கள்? ராட்டர்டாம். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். “உன் தாத்தாவுக்கு வந்தது அங்கிருந்துதான், இவருக்கும் அங்கிருந்துதான் வருகிறது” என்றார். இப்போது இங்கே துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநர் இல்லாத வண்டிகள் கொள்கலன்களைச் சுமந்துகொண்டு போகின்றன. அதை அப்பா இன்னும் நேரில் பார்க்கவில்லை.

அந்தக் காட்சியில் துப்பாக்கி இல்லை, இசை இல்லை. இருட்டறையில் நாற்காலிகளில் உட்கார்ந்து சிலர் ஒரு காணொளி பார்க்கிறார்கள். பொங்கோல் வாசகி விவரித்த ‘ஒன்றும் நடக்காத காட்சி’ என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. எனக்கு ஏழாவது பகுதி வரை பொறுமை இருந்ததற்கு நான் காரணமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் காரணம். எவ்வளவு அவகாசம் தருவது என்று கேட்டீர்கள். எனக்குத் தோன்றுவது, பகுதிகளை எண்ணிப் பயனில்லை. யாரோடு பார்க்கிறோம் என்பதையும் கேட்க வேண்டும்.

இரவுப்பணித் தாதி

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. நான் ஐந்தாம் பகுதியைப் பார்க்கப்போவதில்லை, ஆனால் மறுப்பும் இல்லை.

பொங்கோல் வாசகி

ஐந்து வாரங்கள் கழித்து வருகிறேன். ரயிலில் பார்ப்பதை நிறுத்தினேன். சனிக்கிழமை இரவுகளில், பிள்ளை தூங்கிய பிறகு, தொலைக்காட்சியில், வசன வரிகளோடு, இரண்டாம் பகுதியிலிருந்தே மறுபடி தொடங்கினேன். ஒரு மாலைக்கு இரண்டு பகுதிகள்தான். சில வாரங்களில் ஞாயிறும் சேர்ந்துகொண்டது. கும்பல் பேஜரில் அனுப்பும் எண்களின் மறைகுறியை, தொலைபேசிப் பொத்தான்களில் நடுவிலிருக்கும் ஐந்தைத் தாண்டி எதிர்ப்பக்கத்து எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பிரெஸ் என்ற காவலர் கண்டுபிடிக்கும் இடத்தை முதல்முறை நான் கவனிக்கவே இல்லை! ஒன்று என்றால் ஒன்பது, இரண்டு என்றால் எட்டு. பள்ளி நாள்களில் நாங்கள் பேஜரில் எண்களால் செய்தி அனுப்பியவர்கள்தாமே. அந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கணவர் இன்னும் உறங்குகிறார். அவரை விட்டுவிட்டேன்.

தாதி அவர்கள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. முதல் பருவத்தின் நடுவில் ஒரு பகுதி எனக்கு வெறும் அலுப்பாகவே இருந்தது. இரண்டாம் முறை பார்த்தும் அலுப்புத்தான். அதைக் கலை என்று சொல்ல நான் தயாராக இல்லை.

இப்போது இரண்டாம் பருவத்தின் நான்காம் பகுதியில் இருக்கிறேன். கப்பல்துறையார் மகனிடம் ஒரு கேள்வி: துறைமுகத்தில் ஒருவர் கொள்கலன் எண்களைப் பதிந்துகொண்டே இருக்கிறாரே, ஓர் எண்ணை மாற்றிப் பதிந்தால் கணினி கண்டுபிடிக்காதா? அப்பாவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?

கப்பல்துறையார் மகன்

கேட்டேன். அரை மணி நேரம் பதில் வந்தது, சுருக்கித் தருகிறேன். கொள்கலன் எண்ணில் முதலில் நான்கு எழுத்துகள், அவற்றில் முதல் மூன்று உரிமையாளரைக் குறிக்கும். பிறகு ஆறு இலக்க வரிசை எண். கடைசியாகத் தனியாக ஒரு கட்டத்துக்குள் இருப்பது சரிபார்ப்பு இலக்கம். முன்னால் உள்ள பத்தையும் ஒரு கணக்குப்படி பெருக்கிக் கூட்டி, பதினொன்றால் வகுத்தால் மிஞ்சுவது அந்த இலக்கம். கை தவறி ஒரு எண்ணை மாற்றினால் பெரும்பாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எண்ணே பதியாமல் ஒரு பெட்டியை ஓரமாக வைத்துவிட்டால் எந்த இலக்கமும் காட்டிக்கொடுக்காது என்று அப்பா சொன்னார். சொல்லும்போது கொஞ்சம் சிரித்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இப்போது ஒவ்வொரு பகுதியிலும் படத்தை நிறுத்தச் சொல்லி, பின்னால் தெரியும் கொள்கலன்களின் எண்களை ஒரு பழைய நாள்காட்டியின் பின்புறத்தில் எழுதிச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு மணி நேரப் பகுதி இரண்டு மணி நேரம் ஆகிறது.